வேப்பிலை கட்டிய கதவு

என் பிள்ளைகளை அன்பால் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. பயத்தால் வளர்த்தேன். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயப்படாமல் இருக்கிறவள் ஒன்று ஞானியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காது கேளாதவளாக இருக்க வேண்டும். மழை தொடங்கினால் போதும், அந்த வீட்டில் மஞ்சள்காமாலை, இந்த வீட்டில் வயிற்றுப்போக்கு என்று சேதி வந்துகொண்டே இருக்கும்.

குடிக்கிற தண்ணீரை இரண்டு தடவை கொதிக்கவைப்பேன். "ரேஷன் மண்ணெண்ணெய் பூரா ஒன் தண்ணிக்கே போவுது. சோறு எதுல பொங்கப்போற?" என்பார் வீட்டுக்காரர். புதன்கிழமை நகம் வெட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை பேன் சீப்பு. இது போதாதென்று என் பிள்ளைகள் அழகாகவும் இருக்க வேண்டும் எனக்கு. வீட்டுக்காரர் எக்ஸ்போர்ட் துணி தைக்கிற ஒரு பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மிஞ்சுகிற துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வருவார். மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகும்போது அங்கே ஆபீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சாக்ஸும் ரிப்பனுமாகப் போவதைப் பார்ப்பேன். காலர் எப்படி, கை எப்படி, இடுப்பில் பெல்ட் எங்கே முடிகிறது என்று கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டு வந்து மிஷினில் உட்கார்ந்துவிடுவேன்.

"மாட்டுங்கா மகாராணி வாரா பாரு" என்று குழாயடியில் கேலி செய்வார்கள். "கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொல்லியிருக்குல்லா. எங்க வீட்டுல கந்தையே எக்ஸ்போர்ட் கந்தை" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

இரக்கம் மட்டும் நான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. அது அவளிடமே இருந்தது. ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தால் பாதி யாருக்காவது போய்விடும். புது ரிப்பனை ஒருநாள் குழாயடியில் நின்ற ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு வெறுந்தலையோடு வந்து நின்றாள். வெளியே திட்டினாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. பார்த்தீர்களா, என் வளர்ப்பு என்று.

அந்தப் பயம் எங்கே தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எட்டு வயது, தங்கைக்கு மூன்று வயது இருக்கும்போது இரண்டு பேருக்கும் ஒன்றாக அம்மை போட்டது, தட்டம்மை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். வெளியார் உள்ளே வரக்கூடாது, வீட்டில் தாளிக்கக்கூடாது, வைத்தியரிடம் போகவே கூடாது. அம்மன் வந்திருக்கிறாள், அவளாக இறங்கிப் போவாள். என்னைவிட்டு இறங்கிப் போனாள். தங்கைக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு இரண்டு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மூன்றாம் நாள் அது கேட்கவில்லை. அன்றிலிருந்து கதவில் வேப்பிலையைக் கண்டால் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டேன்.

கல்யாணமாகித் தாராவிக்கு வந்த முதல் வருஷம் ஒரு கூத்து நடந்தது. பங்குனி மாதக் கடைசி. வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின் கதவைத் திறந்து வெளியே பார்க்கிறேன், எதிர் வரிசையில் ஏழெட்டு வீட்டில் வேப்பிலை! எல்லாம் மராத்திக்காரர் வீடுகள். கம்பில் புதுப் புடவையைக் கட்டி, மேலே சொம்பைக் கவிழ்த்து, கொத்துக்கொத்தாக வேப்பிலை. வரிசை முழுக்க அம்மை விழுந்துவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்தித் தாழ் போட்டவள்தான். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து தட்டியபோதும் திறக்கவில்லை. "யார் யார் வீட்டைத் தொட்டுட்டு வந்தீங்களோ, அங்கனயே நில்லுங்க" என்று உள்ளேயிருந்து கத்தினேன். அது குடி பாட்வா என்றும், அவர்களுக்கு வருஷப் பிறப்பு என்றும் அவர் விளக்கி முடிப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரிதான் சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தில் ஸ்ரீகண்ட் என்கிற தயிர் இனிப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் எனக்கும் பழக்கம் தொடங்கியது அந்தக் கிண்ணத்தில்தான். அதற்குப் பிறகு வருஷா வருஷம் பாட்வா வந்தால், "தாழ் போட்டாச்சா?" என்று அவள் கேட்பாள், நானும் சிரிப்பேன்.

சிரித்துச் சிரித்தே பாடத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன். பங்குனியில் மராத்திக்காரர் கதவில் வேப்பிலை என்றால் பண்டிகை, பயப்பட ஒன்றுமில்லை என்று மனதில் பதிந்துபோனது.

மகளுக்கு ஐந்து வயது, மகன் பிறந்து ஐந்து மாதம். அந்த வருஷம் பாட்வா முடிந்து கம்பையும் புடவையையும் எல்லாரும் எடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக் கதவில் மட்டும் வேப்பிலை அப்படியே இருந்தது. பார்க்கத்தான் செய்தேன். எடுக்க நேரமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு நான்கு வயதில் ஒரு பையன். என் மகளும் அவனும் ஒட்டுப்புல் மாதிரி.

"அம்மா, அவனுக்குக் காய்ச்சலும்மா. வெளாட வர மாட்டுக்கான்" என்றாள் மகள்.

"அப்பிடியா, பாவம். இந்தா, இதக் குடுத்துட்டு வா" என்று திராட்சையைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் சாத்துக்குடி. அதற்கு மறுநாள் அவளே தன் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கைக்குழந்தை, மிஷினில் வேலை வேறு. நானாக ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

பத்தாவது நாள் எதிர்வீட்டுக்காரி பையனைக் குளிப்பாட்டி, தலை ஈரம் காயாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாதி இந்தியும் பாதி மராத்தியுமாக அவள் சொன்னது இதுதான்: வரிசையில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, நீ ஒருத்திதான் பெத்த பெண்ணைத் தினமும் அனுப்பினாய், உன் மனசு யாருக்கும் வராது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "க்யா ஹுவா தா?" என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மாதா ஆயீ தீ" என்றாள். அம்மன் வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்து அவளும் குழம்பிப்போனாள். கதவில்தான் வேப்பிலை கட்டியிருந்தேனே என்று தன் வாசலைக் காட்டினாள்.

பையனுடைய கழுத்தில் தோல் கறுத்து உரிந்துகொண்டிருந்தது. அவள் மேல் என்ன தப்பு? ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி கட்டித்தான் வைத்திருந்தாள். சிரித்து ஏதோ சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

தூளியில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். தரையில் உட்கார்ந்து மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைத் தூக்கி நிறுத்தி முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு இன்னொன்று. "ஏட்டி, அவனுக்கு அம்மைன்னு ஏன் சொல்லல? எந்தங்கச்சி இதுலதாம்ட்டி செத்தா! மூச்சு எரச்சு எரச்சுச் செத்தா! தம்பிக்கு வந்தா என்னட்டி செய்வேன்?" என்று கத்தினேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அம்மை என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? திராட்சையைக் கையில் கொடுத்து அனுப்பியவளே நான்தான். அடித்தது மகளை அல்ல, என்னைத்தான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வலித்தது அவளுக்கு. அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பயந்ததைப் போல நான் என்றும் பயந்ததில்லை. காலையில் எழுந்தவுடன் இரண்டு பிள்ளைகளையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காதுக்குப் பின்னால் பார்ப்பேன், வயிற்றைப் பார்ப்பேன். ஒரு கொசுக்கடியைக்கூட விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். மகள் தம்பியின் பக்கமே போகவில்லை. தூளியைத் தாண்ட வேண்டியிருந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு போனாள். சொல் கேட்கிறாளே என்று ஆறுதல் பட்டேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, "நானே குளிச்சிக்கிடுதேன்" என்றாள். ஐந்து வயதிலேயே எவ்வளவு சாமர்த்தியம் என்று நினைத்தேன். குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்து ரோஜா நிறச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். குளிருக்கென்று தைத்தது அது. முழுக்கை, உயர்ந்த காலர், கழுத்துவரை பொத்தான். சித்திரை வெயிலில் அறையே அடுப்பாக இருந்தது. முடியைக் காதை மறைத்து இழுத்து விட்டிருந்தாள், முகத்தில் பவுடரை அப்பியிருந்தாள். கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றாள். நம்பினேன். மறுநாள் காலையும் தானே குளித்து அதே சட்டையைப் போட்டுக்கொண்டாள். "என்னட்டி, இந்த வேக்காட்டுல என்ன ஸ்டைலு?" என்று கேட்டதற்குச் சிரித்தாள். ஒரு பக்கம் மடங்கியிருந்த காலரைச் சரிசெய்துவிட்டேன். தினமும் காதுக்குப் பின்னால் பார்த்தவள் அந்த இரண்டு காலையும் பார்க்கவில்லை.

மத்தியானம் சோறு பிசைந்து வைத்துக் கூப்பிட்டேன். எழுந்து வந்தவள் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டேன், கொதித்தது. மேல் பொத்தானைத் திறந்தேன். கழுத்து, நெஞ்சு, தோள் எல்லாம் சிவந்து தடித்திருந்தது. "ஏன் மறச்ச?" என்று கேட்டேன். மூச்சு மட்டும் வேகமாக வந்தது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.

ஆள் அனுப்பி வீட்டுக்காரரை வரச்சொன்னேன். வரும்போதே கையில் வேப்பிலைக் கொத்து.

"ஏளா, இது அம்மன் வெளயாட்டு. ஊசி கீசின்னு போனா அவ கோவப்படுவா" என்றார். அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார். அவர் பயம் அம்மனிடம், என் பயம் அந்த மூச்சிடம்.

"கோவப்பட்டா எம்மேல படட்டும். ஒருத்திய வீட்டுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாச்சு. இன்னொருத்திய வச்சுப் பாக்க என்னால முடியாது" என்றேன். அவருடைய கையிலிருந்த கொத்தை வாங்கி வாசலில் நானே கட்டினேன். பிறகு மகளைப் போர்வையில் சுற்றித் தூக்கினேன். மகனை யாரிடம் விட? எதிர்வீட்டுக்காரி தன் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் வந்து மகனைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் டாக்சியைக் கூப்பிட ஓடினார்.

மாட்டுங்காவில் ஒரு டாக்டரம்மா, நம் தமிழ்க்காரர். குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். எனக்கு அவர் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"நெஞ்சுல சளி கட்டிண்டிருக்கு. இன்னும் ரெண்டு நாள் ஆத்துலயே வெச்சுண்டிருந்தேள்னா கஷ்டம்" என்றார். "கைக்குழந்தைக்குத் தாய்ப்பால்தானே? ஒங்களுக்குச் சின்ன வயசுல போட்டிருக்கோன்னோ? அப்போ ஒங்க எதிர்ப்புச் சக்தி அவனுக்கும் இருக்கும், அநேகமா வராது. இவளைப் பாருங்கோ."

பார்த்தேன். ஊசி, மருந்து, இளநீர், கஞ்சி, கண்ணுக்குச் சொட்டு. தாளிக்காத சமையல், வாசலில் வேப்பிலை. எதையும் விடவில்லை. அம்மனிடம் வேண்டிக்கொண்டே டாக்டரம்மா சொன்னதைச் செய்தேன். நான்கு நாள் அந்த மூச்சை எண்ணினேன். ஐந்தாம் நாள் அது நிதானப்பட்டது. மகனுக்கு வரவேயில்லை.

மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரில் அவளைக் குளிப்பாட்டிய அன்று, துவட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பில் எலும்புதான் இருந்தது. இத்தனை நாளும் மறுபடி கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "அம்மா அடிப்பேன்னு பயந்துதான மறச்ச?"

"இல்ல."

"பெறவு?"

"ஒந்தங்கச்சி அம்மையில செத்துப்போனான்னு சொன்னேல்லா. நானும் செத்துருவேன்னு நெனச்சேன். ஒனக்குத் தெரிஞ்சா நீ அழுவ. அதாஞ் சட்டயப் போட்டுக்கிட்டேன்."

சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அம்மா அழக்கூடாதென்று, அந்த வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்டு ஒன்றரை நாள் என் முன்னால் சிரித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். அவளுக்கு நான் காலரைச் சரிசெய்துவிட்டேன்.