வீட்டுக்காரரின் சிறுநீருக்கு நான் காவல்

சர்க்கரை வியாதிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள், காலையில் அடுப்புக்கு முன்னால் ஸ்பிரிட் விளக்கைத்தான் பற்றவைப்பாள். என்னைப் போல் மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செங்கல் நிறம்

நீல மருந்தில் அவருடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லாவிட்டால் நீலம், ஏறிவிட்டால் செங்கல் நிறம். எழுபதுகளில் சித்தூரில் இதுதான் வழி. ஒரு வாரமாகச் செங்கல். நான் கொடுத்ததோ கேழ்வரகுக் கூழ். பக்கத்து வீட்டில் கொடுத்த திருப்பதி லட்டைத் திருடித் தின்றிருப்பார் என்று சண்டை பிடித்தேன். அவர் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பும் வைட்டமின் சி மாத்திரையை அளவில்லாமல் விழுங்கினாலும் நீல மருந்து இப்படிச் சிவந்து ஏமாற்றும் என்று கடைசியில் டாக்டர்தான் சொன்னார். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்: "ஒரு லட்டு துன்னுட்டாவது இந்தப் பேச்சு வாங்கியிருக்கலாம், ஸ்டெல்லா."

எலிகள்

சாக்கரின் தின்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததாகப் பேப்பரில் போட்டிருந்தான். அவர் காப்பிக்குச் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சாக்கரினை அன்றே சாக்கடையில் கொட்டிவிட்டு, சர்ச் பெண்கள் சங்கத்திலும் போய் எச்சரித்தேன். சங்கத்துச் செயலாளர் அம்மா தையலிலிருந்து தலையே தூக்கவில்லை: "அந்த எலிங்கோ எத்தினி கப் காப்பி குடிச்சதுன்னு போட்டிருக்குதா?"

மாத்திரைச் சாயம்

பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகும். அந்தத் தைரியத்தில், ஒரு காலை மருந்தில் விடுமுன்பே சிறுநீர் இளஞ்சிவப்பாக இருந்தபோது, அதுவும் மாத்திரைச் சாயம்தான், வலியே இல்லையே என்றார் அவர். இரண்டு நாளில் தெளிந்தும் விட்டது. ஜெயித்தவர் மாதிரி சிரித்தார். எனக்கோ அது ரத்தமாக இருக்குமோ என்ற பயம். மறுபடி சிவந்ததும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏற்றி நானும் கூடவே ஏறினேன். வழியில் குடிபாலா ஊர் தாண்டியும் அவர் முனகல் ஓயவில்லை: "கலரப் பாத்துட்டு யாராவது புருஷன இட்டுக்கினு ஊர் ஊரா போவாங்களா?"

டாக்டர் மேஜை

மாத்திரைப் புட்டிகளையெல்லாம் வேலூர் டாக்டரின் மேஜைமேல் வரிசையாக அடுக்கி, குற்றவாளி எது என்று கேட்டேன். மாத்திரைகளைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியாது, எலிக்கு வந்தது மனுஷனுக்கு வருமா என்றும் சொல்ல முடியாது என்றார். புகையிலை விஷம் ரத்தத்தில் ஏறி, சிறுநீரில் இறங்கி, சிறுநீர்ப்பையிலேயே ஊறிக்கொண்டு கிடக்கும், அது மட்டும் நன்றாகத் தெரியும் என்றார். பிறகு வீட்டுக்காரரின் சட்டைப் பையைக் காட்டினார்: "அந்த சிகரெட் பாக்கெட்டையும் எடுத்து இந்த வரிசையில வைங்க, சார்."

சிறுநீர்ப்பையில் கண்டுபிடித்த புற்றுக்கட்டி சின்னது, சுட்டு எடுத்துவிட்டார்கள், திரும்ப முளைக்கும் ஜாதி என்று சொல்லியும் அனுப்பினார்கள். சிகரெட்டை விட்ட எரிச்சல் அவருக்கு, காலையில் சிறுநீர் தெளிவாகப் போனார் என்று கண்ணால் பார்க்கும்வரை காப்பி இறங்காத வியாதி எனக்கு.