கடல் தண்ணீரில் வெந்த பருப்பு

புனேயில் கடல் கிடையாது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் புழுவை ஆராய்ச்சி செய்ய இரண்டு பேர் கிளம்பினோம் என்றால் எங்கள் புத்திசாலித்தனத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரே பேராசிரியரிடம் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் கோயம்புத்தூரிலிருந்து போனவன். என்னோடு சேர்ந்தவள் புனேயை ஒட்டிய தேஹு ரோட்டிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே ராணுவக் கிடங்கில் வேலை.

எங்கள் புழு சீரகத்தைவிடப் பெரிதாக இருக்காது. பாலக் கீரையைப் போட்டால் தின்றுவிட்டுக் கிடக்கும். அதன் உடம்புக்குள் செல்கள் ஜோடி ஜோடியாகப் பிறக்கும். ஒன்று முட்டையாகும். இன்னொன்று அதோடு ஒட்டிக்கொண்டு, தன்னிடம் இருப்பதையெல்லாம் அதற்கு ஊட்டும். அதைத் துணைச் செல் என்போம். முதல் வருடம் நாங்கள் இருவரும் ஒரே தப்பைச் செய்தோம். மைக்ராஸ்கோப்பில் பெரிதாகத் தெரிந்ததை முட்டை என்று குறித்துப் படம் படமாக வரைந்து தள்ளினோம். பேராசிரியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெரிசாக இருப்பது சமையல்காரன், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், அது சுருங்கும், சின்னது வளரும் என்றார்.

பிறகு கல்யாணம் செய்துகொண்டோம். இருவருக்கும் உதவித்தொகை ஒரே சமயத்தில் நின்றுபோனது. ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர் ஆராய்ச்சியை முடிக்கலாம். யார் போவது என்று பேசியதாகவே நினைவில்லை. அவள் ஸ்லைடுகள் என்னுடையதைவிடச் சுத்தமாக வந்தன, அவ்வளவுதான். புனேயிலேயே ஹடப்சரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், அடுத்தவன் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கும் வேலையில் சேர்ந்தேன். அவள் பட்டம் வாங்கிவிட்டால் நான் விட்டதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும். வாங்காவிட்டால் இரண்டு பேருடைய வருடங்களும் பாழ். ஊரில் சொந்தக்காரர்களோ எங்கள் முதல் வருடத் தப்பிலேயே நின்றார்கள். பையன் பெரிய ஆளாகிவிட்டான், மருமகள் சும்மா வீட்டில் ஏதோ புழு வளர்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தபோது என் அம்மா புனேக்கு வந்தாள். ஆய்வகத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்ததால், புழுக்களுக்கு வேண்டிய கடல் தண்ணீர் கேன்களை எங்கள் சமையலறையில் வைத்திருந்தோம். ஒருநாள் காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. நாங்கள் இருவரும் வெளியே போயிருந்தோம். பக்கத்து வீட்டில் கேட்க அம்மாவுக்கு மராட்டி தெரியாது. கேன் தெரிந்தது.

நாங்கள் திரும்பியபோது பருப்பு வெந்திருந்தது. மிச்சத் தண்ணீரில் பாத்திரம் கழுவி, பால்கனித் துளசிக்கும் ஊற்றியிருந்தாள்.

"என்ன கண்ணு, உங்க ஊர்த் தண்ணி இப்படிக் கரிக்குது?" என்றாள் அம்மா.

"அத்தை, அது கடல் தண்ணிங்க."

"கடல் தண்ணிய எதுக்கு அம்மிணி வீட்டுல வெச்சிருக்கறே? சமையக்கட்டுல இருந்தா சமைக்கத்தானே?"

அவள் காலிக் கேன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். தண்ணீர் மாற்றாவிட்டால் புழுக்கள் அந்த வாரம் தாண்டாது. புழு போனால் அத்தியாயமும் போகும்.

"நானே போய் எடுத்துட்டு வர்றேன்டா" என்றவள், அம்மாவைப் பார்த்ததும் "வர்றேங்க" என்றாள்.

"நீ ஸ்லைடைப் பாரு" என்றேன். தண்ணீர் கொண்டுவரப் போக வேண்டும் என்று மேலதிகாரியிடம் லீவு கேட்டேன். தன் வீட்டிலும் டேங்கர்தான் என்று உருக்கமாகச் சொல்லி உடனே கொடுத்தார். நான் அவரைத் திருத்தவில்லை. கொங்கணக் கடற்கரைக்கு அரசு பஸ்ஸில் போய்த் திரும்பும்போது, கேனில் சாராயம் இருப்பதாகச் சந்தேகப்பட்ட கண்டக்டர் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு வழி முழுக்க ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே வந்தார். புழுக்கள் பிழைத்தன.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வு அன்று வந்தவர்களுக்கெல்லாம் சமோசா கொடுப்பது அங்கே வழக்கம். மாணவரின் வீட்டார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தட்டுகளோடு கடைசி வரிசையில் நின்றேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், முட்டை வளர்ந்த பிறகு துணைச் செல் என்ன ஆகும் என்று கேட்டார். அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரிந்த பதில். ஆனாலும் கையிலிருந்த சாக்கட்டியை மேஜையில் வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"சுருங்கிவிடும், சார். இணைப்பு அறுந்து, தனியாகக் கரைந்துபோகும்."

சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. சரியான பதில்தான். ஏதாவது செய்ய வேண்டுமே என்று அடுத்த வரிசைக்குச் சட்னி ஊற்றினேன்.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"அம்மிணி டாக்டராயிட்டாளா! நல்லா இருக்கட்டும்" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வேண்டியிருந்தது. கேட்டு வாங்கவும் துணிந்துவிட்டேன்.

"எல்லாரும் அவளுக்குக் கை குடுத்தாங்கம்மா. நான் யாரு, என்ன பண்றேன்னு ஒருத்தரும் கேக்கல."



"உங்கப்பாவுக்கும் உனக்கும் காலம் பூரா ஆக்கிப் போட்டனே கண்ணு, என்னைய யாரு கேட்டா?" என்றாள் அம்மா. "நீயாச்சும் கேட்டயா?"