முத்திரை பிடிக்காத சான்றிதழ்

“ஆனி 12, வெள்ளி. மச்சாளின் சான்றிதழில் முத்திரை குத்த மறுத்துவிட்டார்கள்.” என் நாட்குறிப்பில் அன்றைக்கு இந்த ஒரு வரிதான் இருக்கிறது. மச்சாள் என் அண்ணனின் மனைவி. போரில் அண்ணன் போனபின் ஒட்டுசுட்டானில் எங்கள் வளவிலேயே இருந்தார். ஊருக்கு வந்த நிறுவனங்களெல்லாம் அவருக்குப் பயிற்சி கொடுத்தன: தையல் பத்து நாள், காளான் வளர்ப்பு ஐந்து நாள், கேக் அலங்காரம் மூன்று நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது. வேலை எதிலும் கிடைக்கவில்லை. “தம்பி, இதுகளை அடுக்கினால் ஒரு கதிரை உயரம் வரும். குந்தி இருக்கத்தான் ஏலாது” என்பார்.

நோயாளர் பராமரிப்பு மட்டும் ஆறு மாதம். விடியற்காலை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போய்ப் படித்தார். படுக்கையில் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டுவதை என்னைப் படுக்கவைத்துப் பழகினார். வவுனியாவில் ஒரு முதியோர் இல்லம் அவரை எடுக்கச் சம்மதித்தது. சான்றிதழின் பின்புறம் அத்தாட்சி முத்திரை மட்டும் வேண்டும் என்றார்கள்.

ஆனால் அது லமினேற் செய்யப்பட்டிருந்தது. கடைக்குக் கொண்டுபோய்ச் செய்வித்தவன் நான். கடைசி இடப்பெயர்வில் கழுத்தளவு நீரில் கடனீரேரியைக் கடந்தபோது, மச்சாளின் பரீட்சைப் பெறுபேற்றுத் தாள் பைக்குள்ளேயே கூழாகிப்போனது. அதன்பின் எந்தத் தாளையும் பிளாஸ்ரிக்குக்குள் அடைக்காமல் எங்களுக்கு நித்திரை வராது. பிளாஸ்ரிக்கில் மை நிற்காது என்றார் முத்திரை குத்தும் அலுவலகத்தில் இருந்தவர். ஒரு மூலையை உரித்துப் பார்த்தோம். எழுத்தும் சேர்ந்து வந்தது. பயிற்சி நிலையமோ, திட்டம் முடிந்து பூட்டிக் கிடந்தது. பட்டதாரியின் தாள் தொலைந்தால் கேட்க ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. மச்சாளின் ஆறு மாதத்துக்கு அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அடுத்த தையில் வீட்டுப் பணிப்பெண்ணாக ஓமானுக்குப் போனார். அதற்கும் சில வாரப் பயிற்சி, ஒரு சான்றிதழ். அவருக்கு வேலை தந்தது அது ஒன்றுதான். “இதையாவது ஒட்டிப்போடாதேங்கோ தம்பி” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இரண்டு வருடத்தின் பின் பெட்டியில் வந்தார். மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. தொழில் என்ற இடத்தில் வீட்டுப் பணிப்பெண். செத்தவீட்டுக்கு மல்லாவியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஓமானில் மச்சாளுக்குப் பக்கத்துத் தெருவில் வேலை செய்தவராம். “அவா அங்க கூட்டித் துடைக்கேல்லை, அண்ணை. படுக்கையில கிடந்த ஒரு கிழவியைத்தான் பாத்தவா. ரெண்டு வருசத்தில அந்த மனுசிக்கு ஒரு புண் வரேல்லை.”

சான்றிதழ் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. உரித்த மூலையால் ஈரம் ஏறி, பெயர் மங்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பெண் சொன்னது உண்மையா என்று கேட்டு மச்சாள் இருந்த ஓமான் வீட்டு முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. ஆகவே, மச்சாள் தான் படித்த வேலையைச் செய்தார் என்பதை, இன்னும் உறுதிப்படுத்தப்படாத தகவலாகவே இங்கே எழுதிவைக்கிறேன்.