கோட்டை வாசலில் காவிப்பட்டை

இறப்பர் மலைக்குப் போகும் வழியில் நிற்கும் பழைய கோட்டை வாசலின் கதையைக் கேட்க வருகிறவர்கள், முன்பெல்லாம் சுகந்தினியைத்தான் தேடி வருவார்கள். அவள் இறப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குவாள். வாசலில் முனியாண்டி காவல் நின்றாராம். ராசாவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாராம். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அவளுக்கு அது போதும்.

பிறகு பலாங்கொடையிலிருந்து சுமித்ரா வாழ வந்தாள், சுகந்தினியின் தம்பி பெண்டாட்டியாக. சிங்களத்தில் படித்தவள். வாசலை ஆராய வந்த தொல்பொருள்காரர்களிடம் கேட்டுக்கேட்டு வேறு கதை சொன்னாள். வாசலுக்கு மரக்கதவே இல்லையாம். முள் பின்னிய படலைக் கயிறு கட்டித் தூக்கி இறக்குவார்களாம். முத்திரை பதித்த களிமண் வில்லையைக் காட்டாதவனை உள்ளே விடமாட்டார்களாம். பிற்காலத்தில் வண்டி போகவேண்டுமென்று வெள்ளைக்காரத் துரைமார் மேல்கல்லை இடித்துவிட்டார்களாம். கயிறு தேய்த்த தடத்தையும் பக்கக் கல்லில் வெட்டியிருந்த எழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டினாள். தம்பிகூட வாய் பிளந்து கேட்டான். தினமும் அந்தக் கல்லில் சாய்ந்து இளைப்பாறியும் தன் கண்ணில் அது படவில்லையே என்று சுகந்தினிக்கு வயிறு எரிந்தது.

வாசலைக் காட்டிக் கதை சொல்ல ஓர் ஆளை நியமிக்கத் தொல்பொருள் இலாகாவின் பெரிய அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. சுமித்ராதான் என்று லயத்து வீடுகளெல்லாம் பேசிக்கொண்டன. அவர் வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் சுகந்தினி, கோயில் மதிலுக்குக் கரைத்து மிஞ்சிய சுண்ணாம்பையும் காவியையும் தூக்கிக்கொண்டு போனாள். வாசலின் இரு பக்கமும் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்தாள். எழுத்து இருந்த இடத்தில் இன்னொரு தரம் பூசினாள். சாமி இருக்கிற இடம், யார் என்ன சொல்ல முடியும்?

மறுநாள் வந்த அதிகாரி பட்டையைப் பார்த்துக் கொதித்துப்போனார். இதற்கு மறியல்தான், சிறைக்குள் தள்ளுவேன் என்றார். யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். சுகந்தினி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவள் நகக்கண்ணில் இருந்த காவியைச் சுமித்ரா பார்த்துவிட்டாள். தோட்டத்துச் சனங்கள் சாமி இருக்கும் கல்லுக்கெல்லாம் இப்படித்தான் பட்டை அடிப்பார்கள், இதுவும் இந்த வாசலின் சரித்திரம்தான் என்று அதிகாரியிடம் சொன்னாள். அவர் யோசித்தார். கழுவச் சொன்னார். வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல் என்று சுமித்ராவையே நியமித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பின்னால் நின்று சுகந்தினி கேட்டாள். முள்படல், களிமண் வில்லை, துரைமார், கடைசியில் சனங்கள் அடித்த பட்டை. எல்லாரும் போனபின் சுமித்ராவிடம் வந்தாள்.

"பட்டை அடிச்சது யாருன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களப் புடிச்சிட்டுப் போயிருவாங்க அண்ணி."

"புடிச்சிட்டுப் போகட்டும். என் பேரச் சொல்லு."