வெளியில் விடாத மூச்சு

எண்பதுகளில் நான் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஞாயிறு மாலைகளில் பள்ளிக்கூடத்திலேயே, கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் முதுகுவலி என்றுதான் வருவார்கள். சிலருடைய வலி கூடை சுமந்து வந்ததல்ல என்பது பார்த்தாலே தெரியும். கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அவர்கள் மீது அல்ல.

ஒருநாள், பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் வாங்கிய பாய்களில் மலைக்குளிருக்கு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தவர்களை மூச்சை இழுக்கச் சொன்னேன். "இப்ப மெதுவா வெளியில விடுங்க" என்றேன். கன்னம் வீங்கியிருந்த ஒருத்தி மட்டும் அடக்கிக்கொண்டே இருந்தாள்.

"விடுங்கம்மா."

"எப்படி டீச்சர் விடுறது? அடிச்சதப் பத்தி வெளியில மூச்சு விட்டா கொன்னுடுவேன்னு சொல்லியிருக்காரே எங்க வீட்டுக்காரரு!"

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். பாதிச் சிரிப்பிலேயே அழுகை வந்துவிட்டது.

யாரும் அசையவில்லை. தொழிலாளர்களின் லைன் வீட்டு வரிசையில் அவளுக்கு அடுத்த வாசலில் குடியிருந்தவள் மட்டும் தன் பாயை இழுத்துவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"நடுவுல ஒரு பலகைதானேக்கா. எனக்கு எல்லாம் கேக்கும்" என்றாள். "நானும்தான் இத்தன வருசமா மூச்சு விடல."