முனிசாமியின் கப்பல் மூழ்கிய விதங்கள்

டைட்டானிக் கப்பல் கடலில் ஒரே ஒரு முறைதான் மூழ்கியது. பிள்ளையார்பாளையத்தில் அது நாற்பது வருஷமாக மூழ்கிக்கொண்டிருக்கிறது. அதுவும் காலத்துக்குக் காலம் வேறு வேறு விதமாக. மூழ்கடிப்பவர் முனிசாமி.

முனிசாமி சீரியல் பல்பு செட் போடுகிறவர். அம்மன் கோயில் கூழ் ஊற்றும் திருவிழா, சர்ச்சில் கிறிஸ்துமஸ், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் வெளிச்சம் அவருடையது. வாடகைக்கு விட ஒரு ஜெனரேட்டரும் வைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு பல்பு போர்டுகள் அவரிடம் உண்டு. மயில் தோகை விரிக்கும், அம்மன் சூலம் வீசுவாள், யானை தண்ணீர் பீய்ச்சும். எல்லாவற்றையும் விடப் பெரியது கப்பல். மூங்கில் சட்டத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும்.

"அம்மன் திருவிழாவுல வெள்ளக்காரன் கப்பல் எதுக்குபா?" என்று முதல் வருஷம் விழாக் கமிட்டியில் ஒருவர் கேட்டார். அன்று இரவு கப்பலுக்கு முன்னால் கூடிய கூட்டத்தைப் பார்த்ததும் அவரே தன் மச்சான் வீட்டாரைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

கப்பல் மூழ்குகிற சூட்சுமம் போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு மர உருளை. உருளை மேல் செப்புத் தகடுகளை வெட்டி வெட்டி ஆணி அடித்திருப்பார். சின்ன மோட்டார் அதைச் சுற்றும். எந்தத் தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை பல்பு எரியும்; விட்டால் அணையும். கப்பலின் கதையை மாற்றவேண்டுமானால் தகடுகளைப் பிடுங்கி மறுபடி அடிக்கவேண்டும். விரலெல்லாம் கிழிகிற வேலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஓட்டுகிறவன் பின்னால்தான் நிற்கவேண்டும். பின்னால் நிற்பவனுக்குக் கப்பல் தெரியாது, கம்பியும் ஜெனரேட்டர் புகையும்தான் தெரியும். ஆகவே கல்யாணமான வருஷத்திலிருந்து முன்னால் நிற்பது அவர் மனைவி லோகாம்பாள். பகலில் தறிக்காரர் வீடுகளுக்கு ராட்டையில் நூல் தார் சுற்றிக்கொடுப்பவள். சாயங்காலம் வெள்ளோட்டம் விடும்போது போர்டுக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, தெருவே கேட்கும்படி கத்துவாள்.

"யோவ், புகைக் கூண்டுல ரெண்டு பல்பு அவுட்டு! கீழ் வரிசை மினுக்குது, லூஸா இருக்குது பாரு!"

முனிசாமி தட்டுத் தடவிச் சரிசெய்வார். தன் கப்பலை லோகாம்பாளின் குரல் வழியாகத்தான் அவர் பார்த்தார். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

கப்பலை அவர் தலைக்குள் ஏற்றிவிட்டவன் ஜோசுவா. சின்ன வயதுச் சிநேகிதன். பிற்பாடு பள்ளிக்கூட வாத்தியார் ஆனவன். எண்பத்து நாலில் அவன்தான் சொன்னான்: பனிப்பாறை கப்பலின் பக்கவாட்டை நீளக் கிழித்தது, பட்டுப்புடவையில் ஆணி மாட்டிக் கிழிகிற மாதிரி. அப்புறம் கப்பல் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு முழுசாக உள்ளே போய்விட்டது. முனிசாமி அப்படியே செய்தார். பக்கவாட்டில் நீளமாகச் சிவப்பு பல்பு வரிசை. பிறகு முழுக் கப்பலும் ஒரே பாய்ச்சலில் கீழே.

நேரத்தைப் பாருங்கள், அடுத்த வருஷமே கடலுக்கு அடியில் அந்தக் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிடந்தது ஒரு கப்பல் அல்ல, இரண்டு துண்டு.

ஜோசுவா செய்தித்தாளோடு ஓடிவந்தான். "முனிசாமி, உடைஞ்சிடுச்சுடா!"

"எது? போர்டா?"

"கப்பலுடா! ரெண்டா உடைஞ்சிதான் போயிருக்குது. தப்பிச்சு வந்தவங்க நெறய பேரு அப்பவே சொல்லியிருக்காங்க, எங்க கண்ணு முன்னாடி உடைஞ்சுதுன்னு. விசாரணை வெச்சவங்க நம்பல. முழுசாத்தான் முங்குச்சுன்னு எழுதி மூடிட்டாங்க. எழுபது வருஷத்துக்கு மேல உலகமே அதத்தான் நம்பிக்கினு இருந்துச்சு."

"பாத்தவன் சொன்னத நம்பாம வேற யாரு சொன்னத நம்புனாங்க?" என்று முனிசாமி கோபப்பட்டார். அந்தக் கோபத்திலேயே தகடுகளைப் பிடுங்கி, கப்பலை நடுவில் அறுத்து இரண்டாக்கினார். அந்த வருஷம் கப்பல் உடைந்ததும் கூட்டத்தில் பெண்கள் 'ஐயோ' என்றது அடுத்த ஊரான ஐயம்பேட்டை வரைக்கும் கேட்டதாக அவர் சொல்வார். அவர் அப்படித்தான் சொல்வார்.

பிறகு தொண்ணூறுகளில் இன்னொரு செய்தி. கடலடியில் ஒலியை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். பக்கவாட்டில் நீளக் கிழிசலே கிடையாது. அங்கொன்று இங்கொன்றாக ஆறு மெல்லிய பிளவுகள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு வாசல் கதவு அளவுக்குக்கூட வராது.

"ஒரு கதவு அகலத்துல அம்மாம் பெரிய கப்பலாடா?" என்று முனிசாமிக்கு மனசே ஆறவில்லை. தான் ஆசை ஆசையாகக் கோத்த சிவப்பு வரிசையைக் கழற்றும்போது முணுமுணுத்துக்கொண்டேதான் கழற்றினார். ஆறு பல்பு மட்டும் மிஞ்சியது. "இது கப்பலுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குதுய்யா" என்றாள் லோகாம்பாள்.

இப்படி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட மனுஷன் ஒன்றை மட்டும் மாற்றமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். விளக்கு. அவருடைய கப்பலில் மூக்கு சாய ஆரம்பித்ததுமே விளக்கெல்லாம் அணைந்துவிடும். மீதிக் கதை முழுக்க கப்பலைச் சுற்றி நீல பல்பு விளிம்பு மட்டும்தான். கடைசி வரைக்கும் கப்பலில் விளக்கு எரிந்ததாகப் பிழைத்தவர்கள் சொல்கிறார்கள் என்று ஜோசுவா பலமுறை சொல்லிப் பார்த்தான்.

"டேய், நான் ஜெனரேட்டர்காரன். தண்ணி ஏறுனா மொதல்ல போறது லைட்டுதான். அப்புறம் லைட்டு எரியணும்னா, கீழ ஒருத்தன் நின்னுக்கினு கரி அள்ளிப் போட்டுக்கினே இருக்கணும். தண்ணிக்குள்ள எவன் நிப்பான்? பயத்துல அவங்களுக்கு அப்டித் தோணியிருக்கும்."

பாத்தவன் சொன்னதை நம்பவேண்டும் என்று குதித்தவர் இவரேதான். ஜோசுவா அதை ஞாபகப்படுத்தவும் செய்தான். முனிசாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஆடித் திருவிழாவில் மழை வந்தது. மழையென்றால் சாதாரண மழை இல்லை, வானம் பொத்துக்கொண்ட மழை. தெருவில் கரண்ட் போய்விட்டது. பந்தலுக்குள் கைக்குழந்தைகளோடு பெண்கள், கொதிக்கக் கொதிக்கக் கூழ் அண்டாக்கள், காலடியில் ஏறுகிற தண்ணீர். வெளிச்சம் என்று இருந்தது முனிசாமியின் ஜெனரேட்டர் கொடுத்தது மட்டும்தான். கணுக்காலுக்குத் தண்ணீர் வந்தபோது கூட்டாளி பிரேம்நாத் "அண்ணே, நிறுத்திட்டு வாண்ணே" என்று கெஞ்சினான். கடைசிக் குழந்தை வெளியே போகிறவரைக்கும் முனிசாமி நிறுத்தவில்லை. அப்புறம் அணைத்தார். எல்லாம் இருட்டாகிவிட்டது.

அந்த இருட்டில் பந்தலுக்கு முன்னால் லோகாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். விளக்கு தானாகப் போனதா, அவர் அணைத்தாரா, தண்ணீரில் கரண்ட் அடித்து விழுந்துகிடக்கிறாரா, அவளுக்கு என்ன தெரியும்? "யோவ்! யோவ்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பதில் இல்லை. முனிசாமி பின்னால் நிதானமாக ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒருவழியாகச் சுருட்டி முடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாத்துக்கு இப்டி கத்திக்கினு இருக்கற? நான் இங்கதான இருக்கறேன்."

லோகாம்பாள் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து வழக்கம்போலச் சோறு போட்டாள். மறுநாளும் பேசினாள், சிரித்தாள், சண்டை போட்டாள். ஆனால் அதற்குப் பிறகு போர்டுக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. தை மாதக் கல்யாணங்களுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால் "தார் சுத்தற வேல இருக்குது" என்பாள். பிரேம்நாத் முன்னால் நின்று பார்த்துவிட்டு "எல்லாம் எரியுதுண்ணே" என்பான். மறுநாள் பார்த்தால் யானைக்குத் தும்பிக்கை இல்லாமல் விடிய விடிய எரிந்திருக்கும். முனிசாமி பல்புக்காகக் கவலைப்படுவதாகத்தான் வெளியே காட்டிக்கொண்டார். உள்ளுக்குள் மனுஷன் ஒடிந்துபோயிருந்தார்.

இந்தச் சித்திரையில் ஜோசுவா செல்போனோடு வந்தான். ரிட்டையர் ஆகி, மூக்குக் கண்ணாடி தடித்து, ஆனால் அதே ஓட்டம்.

"முனிசாமி, கப்பல மேலேந்து கீழ வரைக்கும் அங்குலம் அங்குலமா படம் புடிச்சிருக்காங்கடா. கரி எரியற பாய்லருங்க சிலது, சூட்டோட ஜில் தண்ணி பட்டு உள்பக்கமா ஒடுங்கிப் போயிருக்குது. அப்டின்னா தண்ணிக்குள்ள போறப்பவும் அது ஓடிக்கினுதான் இருந்திருக்கும்ன்றாங்க. பின்பக்கம் ஒரு வால்வு தொறந்தே இருக்குது, கரண்ட் எடுக்கற மிஷினுக்கு ஆவி போற வால்வு. லைட்டு கடசி வரைக்கும் எரிஞ்சுதுன்னு சொன்னது பொய்யில்லடா. கீழ ஆளுங்க நின்னிருக்காங்க."

முனிசாமி வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார்.

"எவன் நிப்பான்னு கேட்டியே," என்றான் ஜோசுவா. "போன ஆடில நீ இன்னாடா பண்ண?"

முனிசாமி செல்போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். தான் நின்றவர்தான். இன்னொருவன் நிற்பான் என்று ஏனோ நம்பாமல் இருந்துவிட்டார். மறுநாளே உருளையை இறக்கிவைத்து உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் பல்புகள் கடைசி வரைக்கும் எரிகிற மாதிரி தகடுகளை நீட்டினார். கப்பலின் அடிவயிற்றில் புதிதாக ஒரு மஞ்சள் வரிசை கோத்தார், கீழே நின்ற அந்த ஆட்களுக்காக. எல்லாம் முடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லோகாம்பாளிடம் போனார். இந்தச் செய்தியைக் கேட்டால் தன்மேல் இருக்கிற கோபம் போய்விடும் என்று நினைத்தார். ஆம்பளைகளுக்கு இப்படியெல்லாம் தோன்றத்தான் செய்கிறது.

அவர் சொன்னதை முழுசாகக் கேட்டாள். ராட்டையை நிறுத்தினாள்.

"அந்த ஆளுங்க வெளிய வந்தாங்களா?"

"வரல லோகா. அப்டியே உள்ள போய்ட்டாங்க."

"இத நீ பெருமையா சொல்ற."

"பெருமதானம்மா? எத்தினி பேர காப்பாத்தியிருக்காங்க."

"பெருமதான். நான் இல்லேன்னு சொல்லல. நீ பண்ணதும் பெருமதான். அவங்க வீட்டுப் பொம்பளைங்க எங்க நின்னுக்கினு இருந்தாளுங்க? அத உன் வாத்தியாரு படிச்சாரா?"

ஜோசுவா படித்ததில் அது இல்லை.

லோகாம்பாள் சுற்றிய தாரைக் கழற்றி வைத்துவிட்டு, "வெள்ளோட்டத்துக்கு நான் வரேன்" என்றாள். "ஆனா நீ முன்னாடி நில்லு. நான் பின்னாடி நிக்கறேன்."

திருவிழாவுக்கு முதல்நாள் இருட்டியதும் கோயில் மைதானத்தில் அப்படியே நின்றார்கள். தெருவிளக்கு வழக்கம்போல எரியவில்லை. பின்னால் லோகாம்பாள் சுவிட்சைப் போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக முனிசாமி தன் கப்பலை முன்னாலிருந்து பார்த்தார். அடேயப்பா, எவ்வளவு அழகாக இருந்தது! நாலு புகைக் கூண்டும் ஜொலித்தன. ஆறு சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. மூக்கு சாய்ந்தது. ஜன்னல்கள் எரிந்துகொண்டே சாய்ந்தன. அடியில் மஞ்சள் வரிசை அசையாமல் நின்றது. கப்பல் இரண்டாக உடைந்தது, அப்போதும் மஞ்சள் எரிந்தது. அவர் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. பிறகு எல்லாம் அணைந்தது.

உருளை ஒரு சுற்று முடிந்தால் கப்பல் மறுபடி முழுசாக எரியவேண்டும். எரியவில்லை. மோட்டார் சத்தமும் நின்றது. கண்ணுக்கு எதிரே கும்மிருட்டு.

"லோகா?"

பதில் இல்லை.

காலையில் ஒரு ஒயரில் மேலுறை உரிந்திருந்ததைச் சுற்றி ஒட்டியது ஞாபகம் வந்தது. சரியாக ஒட்டினோமா? அவளுக்கு எந்த ஒயரைத் தொடக்கூடாது என்று சொன்னோமா?

"லோகா! ஏ லோகா! லோகா!"

தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு ஓடினார். தான் கட்டிய கயிற்றிலேயே தடுக்கி விழுந்து எழுந்து, போர்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். ஜெனரேட்டர் பக்கத்தில் கவிழ்த்த பக்கெட்டின் மேல் லோகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். கை சுவிட்சின் மேல் இருந்தது.

"இன்னாத்துக்குய்யா இப்டி கத்திக்கினு இருக்கற?" என்றாள். "நான் இங்கதான இருக்கறேன்."

முனிசாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. திட்டவேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியில் தலையை வைத்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "எத்தினி பல்பு அவுட்டு?" என்று கேட்டாள்.

"பாக்கலம்மா."

"தெரியும்," என்று சொல்லிப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து முன்பக்கம் போனாள்.

மறுநாள் திருவிழாவில் கூட்டம் நெரிந்தது. கப்பல் சாய்ந்து, உடைந்து, கடைசி மஞ்சள் பல்பும் அணைந்து இருட்டானபோது, போர்டுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் உரக்க வந்தது.

"லோகா, இருக்கறேன்மா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒவ்வொரு முறை கப்பல் மூழ்கும்போதும் அந்தக் குரல் வந்தது. இரண்டாம் நாள் பிள்ளைகள் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கப்பல் கதையில் இதுவும் ஒரு கட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஜோசுவா மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றிருந்த லோகாம்பாள் சிரிக்கவில்லை. இருட்டில் அந்தக் குரல் வருகிறவரைக்கும் காத்திருந்தாள். வந்ததும் கத்தினாள்.

"யோவ், மஞ்ச வரிசையில ஒண்ணு அவுட்டு!"