ரீபூட் பண்ணாமல் சரிசெய்த குற்றம்

ஓடுகிற சர்வரை நிறுத்தாமல் சரிசெய்கிறவனை வேலை செய்தவன் என்றே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. லினக்ஸ் சர்வரைக் கட்டி மேய்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கேட்டில் கூட்டம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சர்வர் பார்க்கிறேன். காலையில் கம்பெனி பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அத்தனை பேரும் கேட்டில் இருக்கும் வருகைப்பதிவு மெஷின்களில் விரல் வைக்க, அந்த மெஷின்கள் என் சர்வரை மொய்க்கும். சர்வரோ ஒரே சமயத்தில் இவ்வளவு இணைப்புதான் என்று எல்லை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும். மறுபடி மறுபடி விரல் வைப்பதற்குள் எட்டு மணி தாண்டிவிடும், அரை நாள் சம்பளம் போய்விடும். மாதனூர் பஸ்ஸில் வரும் தையல் பிரிவு கஸ்தூரியக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸு டைமுக்கு வந்துச்சு, நானும் வந்துட்டேன். உன் மெஷினு லேட்டானா எனக்கு இன்னாத்துக்கு தம்பி அரை நாள் கட்?"

சுற்றாத பெட்டி

அன்றே எல்லையை உயர்த்தினேன். செட்டிங் ஃபைலில் ஒரு வரி, அதைப் படித்துக்கொள்ளச் சொல்லி ஒரு கமாண்ட், அவ்வளவுதான். சர்வர் ஒரு நொடியும் நிற்கவில்லை. மறுநாள் வரிசை மளமளவென்று உள்ளே போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேனேஜர் சேகருக்கு மட்டும் திருப்தியில்லை. ரீபூட் பண்ணாமல் புது செட்டிங்கை எப்படி எடுத்துக்கொள்ளும் என்றார். தோல் பதனிடும் நம் டேனரியில் டிரம் சுற்றும்போதே அச்சு வழியாகக் கெமிக்கல் ஊற்றுகிறார்களே, நிறுத்திவிட்டா ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன்.

"டிரம்மு சுத்தறது கண்ணுக்குத் தெரியுதுப்பா. உன் பொட்டி சும்மாதானே குந்திகினு இருக்குது?"

நல்லா செட் ஆகட்டும்

அடுத்த நாள் காலை சேகர், தன் விரலைக்கூட வைக்காமல் நேராக சர்வர் ரூமுக்குள் போய், "நல்லா செட் ஆகட்டும்" என்று சுவிட்சை அணைத்துவிட்டார். பஸ்கள் வந்து நின்ற நேரம். திடீரென்று கரண்ட் போன சர்வர், டிஸ்க்கையெல்லாம் சோதித்துவிட்டு எழுந்தபோது எட்டு மணி தாண்டியிருந்தது. கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் அரை நாள் கட்.

கஸ்தூரியக்காவும் நானும் சேகர் அறைக்குப் போய், இந்த அரை நாள் கட்டை ரத்து பண்ணுங்கள் என்றோம். "ரூல் ரூல்தான்பா, மெஷின் பொய் சொல்லாது" என்றார். அப்போது மேஜைமேல் இருந்த அவர் போனில் மெசேஜ் வந்தது: தாமத வருகை, அரை நாள் கட். இரண்டு முறை படித்தார். உடனே சம்பளப் பிரிவுக்குப் போன் போட்டு, இன்று எல்லோருக்கும் கட் கிடையாது என்றார். கஸ்தூரியக்கா என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா தம்பி, சாரை ஆஃப் பண்ணாமலே ரூலு மாறிடுச்சு!"

சர்வருக்கு ஒரு வரி எழுத வேண்டும், மேனேஜருக்கோ அவர் சம்பளத்தில் கை வைத்தாலே செட்டிங் தானாக மாறிவிடுகிறது.